குமாஸ்தா மேல் பழி போடலாமா? குடும்பப் பெயர்களின் ஸ்பெல்லிங் மாறிய வரலாறு

கொள்ளுத்தாத்தா பெயரில் இரட்டை 'ஓ' இருந்தது, தாத்தா பெயரில் அது 'யூ' ஆகிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாக் குடும்பங்களிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: 'யாரோ ஒரு குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான்.' அமெரிக்கக் குடும்பங்களில் அந்தக் குமாஸ்தா எல்லிஸ் தீவில் உட்கார்ந்திருப்பான். தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் டர்பன் துறைமுகத்தில் இருப்பான். இடம்தான் மாறும், கதை மாறாது.

முன்னோர் எழுதிய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. பெயரின் எழுத்து ஒரே நாளில் மாறுவது அபூர்வம். பழையதும் புதியதும் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். அந்த இழுபறியில் மூன்று கைகள் இருக்கின்றன: தன் பெயரைத் தானே எழுதுபவரின் கை, அவருக்குக் கடிதம் போடுபவரின் கை, பதிவேட்டில் எழுதுபவரின் கை. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பழி முழுவதும் மூன்றாவது கையின் மேல் விழுகிறது. தெளிவான சான்று கிடைக்கும் சில குடும்பங்களையும், கடல் கடந்த தமிழர் பெயர்களையும் சேர்த்து வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்போம்.

ஸ்பெல்லிங் என்ற ஒன்றே நிலைபெறாத காலம்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'சரியான' எழுத்து ஒன்று இருந்தால்தான் அது மாறியது என்று சொல்ல முடியும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அப்படி ஒன்று இல்லை. வில்லியம் ஷேக்ஸ்பியரின் திருமண அனுமதி பற்றி வூஸ்டர் மறைமாவட்டப் பதிவேட்டில் 1582 நவம்பர் 27 அன்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அதில் அவர் பெயரின் நடுவில் 'எக்ஸ்' வருகிறது. மறுநாள் எழுதிய பிணைப் பத்திரத்தில் அதே இடத்தில் 'ஜி'யும் 'எஸ்'ஸும் வருகின்றன. மணப்பெண்ணின் குடும்பப் பெயரோ முதல் நாள் வாட்லி, மறுநாள் ஹாத்வே.

அவருடைய கையெழுத்துகள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை ஆறு: 1612ஆம் ஆண்டு வழக்கு வாக்குமூலத்தில் ஒன்று, 1613ஆம் ஆண்டு பிளாக்ஃபிரையர்ஸ் வீட்டுப் பத்திரங்களில் இரண்டு, 1616ஆம் ஆண்டு உயிலில் மூன்று. இன்று உலகம் அச்சிடும் ஸ்பெல்லிங் இந்த ஆறில் ஒன்றில்கூட இல்லை. அந்த ஸ்பெல்லிங் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. 1593இல் வெளிவந்த 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' காவியத்தின் சமர்ப்பணத்திலும் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அது இருக்கிறது.

அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் குவைனி லண்டனுக்கு வந்து கார்ட்டர் லேனில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தபோது, 1598 அக்டோபர் 25 அன்று, 30 பவுன் கடன் கேட்டு எழுதியது. சின்னத் தாள், பலமுறை மடித்து, முத்திரை வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதியிருக்கிறார். ஊர்க்காரர், பழக்கமானவர், ஆனாலும் முகவரியில் 'சி', 'கே' இரண்டையும் போட்டு, காதில் விழுந்த மாதிரி பெயரை எழுதியிருக்கிறார். கடிதம் குவைனியின் சொந்தக் காகிதங்களுக்குள்ளேயே கிடைத்தது. ஆகவே அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். நெருங்கிய ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பெயரை எப்படி எழுதினார் என்பதற்கு அது சான்று. ஷேக்ஸ்பியர் தன் பெயரை எப்படி எழுத விரும்பினார் என்பதற்கு அது சான்றாகாது. குடும்பக் கடிதங்களைப் படிக்கும்போது பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

திருத்தப் போனவர் செய்த மாற்றம்

குமாஸ்தாவும் குடும்பத்தாரும் நேருக்கு நேர் மோதிய ஓர் இடம் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் பதிவேடு. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1777இல் பிறந்த பாட்ரிக், பின்னாளில் நாவலாசிரியைகளான மூன்று சகோதரிகளின் தந்தை. ஊரில் அவர் குடும்பப் பெயர் பிரன்ட்டி. முதல் எழுத்தை மெல்லோசையாக எழுதியவர்களும் உண்டு, வல்லோசையாக எழுதியவர்களும் உண்டு. 1802 அக்டோபர் 1 அன்று அவர் கல்லூரியில் சேர்ந்தபோது, பெயர் கேட்டு எழுதியவர் 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுவிட்டார். ஐரிஷ் உச்சரிப்பு அவர் காதில் அப்படி விழுந்திருக்க வேண்டும்.

இரண்டு நாளில் அது திருத்தப்பட்டது. ஆனால் பழைய பெயருக்குத் திருத்தப்படவில்லை. 'ஏ' நீங்கி 'ஓ' வந்தது, கடைசி 'ஒய்' நீங்கி 'ஈ' வந்தது. பிரன்ட்டி குடும்பத்துப் பையன் அன்றுமுதல் பிராண்டே ஆனார். 1799இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு சிசிலித் தீவின் பிராண்டே என்ற ஊரின் பெயரால் டியூக் பட்டம் கிடைத்திருந்தது. அந்தப் புகழின் ஈர்ப்புதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். கடைசி எழுத்தின் மேல் வரும் குறியும் உடனே நிலைபெறவில்லை. சில காலம் சாய்வுக் கோடாக இருந்து, பிறகுதான் இரண்டு புள்ளிகளாக நின்றது. குமாஸ்தாவின் பிழை இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லை. நின்றது, திருத்தப் போனவர் செய்த மாற்றம்.

மகள் சார்லட்டின் கடிதங்களில் கையொப்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. பள்ளித்தோழி எலன் நஸ்ஸிக்கு அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் தப்பிப் பிழைத்தன. 1854இல் திருமணமானபின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ், கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்று எலனிடம் உறுதி கேட்டார்; நல்லவேளையாக எலன் எரிக்கவில்லை. தோழிக்கு ஒரு கையொப்பம், பதிப்பாளருக்கு 'கரர் பெல்' என்ற புனைபெயர், திருமணத்துக்குப் பின் கணவர் பெயர். இத்தனையும் எழுதியது ஒரே கை. இவற்றைத் தனித்தனித் தாளாகப் பார்ப்பவருக்கு மூன்று பெண்கள் என்றுகூடத் தோன்றலாம்.

ஓர் எழுத்தைச் சேர்த்தவர்கள்

அமெரிக்க எழுத்தாளர்களில் மூவர் ஓர் எழுத்தின் வித்தியாசத்தில் முன்னோரிடமிருந்து பிரிகிறார்கள். மூவரின் காரணமும் வேறு வேறு.

நத்தானியேல் ஹாதார்ன் 1804இல் சேலம் நகரில் பிறந்தபோது அவர் குடும்பப் பெயரில் 'டபிள்யூ' கிடையாது. 1825இல் போடன் கல்லூரிப் படிப்பை முடித்து வந்தபின், இருபதுகளில், அதைச் சேர்த்துக்கொண்டார். 1692ஆம் ஆண்டு சூனியக்காரி வழக்குகளில் விசாரணை நடத்திய நீதிபதி ஜான் ஹாதார்ன் அவருடைய மூதாதை. அந்தக் கறையிலிருந்து விலகவே 'டபிள்யூ' வந்தது என்பது பிரபலமான விளக்கம். காரணம் எதுவானாலும் இதில் பிழை செய்த குமாஸ்தா எவரும் இல்லை. எழுத்தைச் சேர்த்தது அவருடைய சொந்தக் கை.

ஹெர்மன் மெல்வில் பெயரின் கடைசி 'ஈ' அவர் சேர்த்ததல்ல. தந்தை ஆலன் 1832இல் கடனோடு இறந்தபின், தாய் மரியா சேர்த்தது. அப்போது ஹெர்மனுக்கு 12 வயது.

இதில் ஆழமானது வில்லியம் ஃபாக்னரின் கதை. மிசிசிப்பியில் 1897இல் பிறந்தபோது அவர் பெயரில் 'யூ' இல்லை. 1918இல் கனடாவில் விமானப்படையில் சேர்ந்தபோது 'யூ' போட்டு எழுதினார் என்று வரலாற்றை அந்த ஒரு நாளில் நிறுத்துவது வழக்கம். பல ஆண்டு கழித்து, விமர்சகர் மால்கம் கௌலிக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கினார். வெளியாட்கள் யாருக்கும் இந்தப் பெயரைப் படித்து உச்சரிக்க வரவில்லை, உச்சரித்தவர்களும் எழுதும்போது 'யூ'வைச் சேர்த்தே எழுதினார்கள் என்கிறார். உலகமே தன் பெயரை மாற்ற முயன்றதாகத் தோன்றியதாம். புகழ்பெற்ற முன்னோரின் நிழலிலிருந்து விலக நினைத்த இளைஞனுக்கு அது வசதியாகவும் இருந்ததாம். அதாவது, கடிதம் போட்டவர்களும் கடைக்காரர்களும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த மாற்றத்தை அவர் 1918இல் ஏற்றுக்கொண்டார். தம்பி மர்ரி கடைசிவரை 'யூ' இல்லாமலே எழுதினார். ஒரே வீட்டில் இரண்டு ஸ்பெல்லிங்.

எல்லிஸ் தீவுக் கதை ஏன் நிற்கவில்லை

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்த அதிகாரிகள் பயணிகளின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்து, ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வேலையில் இருந்தார்கள். பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியாவே 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளர். பெயரை மாற்றும் அதிகாரம் எல்லிஸ் தீவுக்கு இல்லை.

பெயர்கள் மாறின என்பது உண்மை. ஆனால் இறங்கிய பிறகு, வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் மாறின. 1906ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடியுரிமை பெறும்போதே பெயரையும் மாற்றிக்கொள்ள வழிசெய்தது. மாற்றியவர் குடும்பத்தாரேதான். பேரன்களுக்குச் சொல்ல அது கொஞ்சம் சங்கடமான செய்தி என்பதால், குமாஸ்தா கதை வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கப்பலேறிய தமிழ்ப் பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நிலைமை வேறு. இங்கே குமாஸ்தாவுக்கு உண்மையிலேயே பெரிய பங்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டம் மட்டும் பொருந்தவில்லை. போனவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை.

அது அடுத்த தலைமுறையில் முளைத்தது. பள்ளிக்கூடமும் திருமணப் பதிவும் குடும்பப் பெயர் கேட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. சிலர் தகப்பன் பெயரையே நிலைநிறுத்தினார்கள். முனுசாமியும் பெருமாளும் கோவிந்தசாமியும் பரம்பரைப் பெயர்களாயின. சிலர் சாதிப் பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். பிள்ளை கடைசியில் 'ஒய்' போட்ட பிள்ளே ஆனது. முதலி, மூட்லி ஆனது. நாயுடு இரட்டை 'ஓ'வோடு நின்றது. கவுண்டர் என்பதிலிருந்து கவெண்டர் பிறந்தது.

இரட்டை 'ஓ'வுக்குக் காரணம் உண்டு. 'ஊ' ஒலியை இரட்டை 'ஓ'வால் எழுதுவது பழைய ஆங்கிலேய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் வகுத்த ஒலிபெயர்ப்பு முறையை இந்திய அரசு கைக்கொண்டபின் இந்தியாவில் 'யூ' பரவியது. சரோஜினி நாயுடு 'யூ' போட்டு எழுதினார். அதே காலத்தில் காந்தியோடு ஜோகன்னஸ்பர்க்கில் சிறை சென்ற தம்பி நாயுடுவின் பெயர் இரட்டை 'ஓ'வில்தான் நிற்கிறது. ஆக நேட்டால் ஸ்பெல்லிங் கெட்டுப்போன ஸ்பெல்லிங் அல்ல. தாயகம் கைவிட்ட பழைய முறை அங்கே தங்கிவிட்டது.

ஆனாலும் ஒரே நாட்டுக்குள்கூட ஒற்றுமை கிடையாது. 1914இல் 16 வயதில் உயிர்விட்ட சத்தியாகிரகி தில்லையாடி வள்ளியம்மையின் தந்தை முனுசாமி முதலியார். காந்தியின் ஆங்கில எழுத்துகளில் அவர் பட்டம் முட்லியார் என்று வருகிறது. அதே நாட்டில் ஏராளமான குடும்பங்கள் மூட்லி என்று எழுதிக்கொண்டிருந்தன.

கடிதச் சான்று இங்கே சிக்கலானது. போனவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. ஊருக்குப் போன கடிதத்தையும், இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் போன மனுவையும் வேறொருவர் எழுதிக் கொடுத்தார். உரியவர் கைநாட்டு வைத்தார். ஆகவே கீழே இருக்கும் பெயரின் எழுத்து, எழுதிக் கொடுத்தவருடையது. ஒரே ஆளின் இரண்டு மனுக்களில் இரண்டு ஸ்பெல்லிங் இருந்தால், பெயர் மாறியது என்று முடிவுகட்டுவதற்கு முன் எழுதிய ஆள் மாறினாரா என்று பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுக் கொடியின் கீழ் போனவர்களின் பெயர்கள் வேறு உடை போட்டன. 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' இரண்டும் சேர்த்து, 'ச'வுக்கு இரட்டை 'எஸ்' போடுவது அந்த வழக்கம். குவாடலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக இருபது ஆண்டு போராடிய ஹென்றி சிதம்பரோம் (1863–1952) பெயரில் இருப்பது நம் சிதம்பரம். அங்கே முத்துசாமியும், ரீயூனியனில் வீரப்பிள்ளையும் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. புதுச்சேரியிலேயே 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி சொந்தச் சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி அப்போது லாபோர்த் ஆனார். அங்கே பெயர் வந்த தேதியே அரசாணையில் இருக்கிறது. குமாஸ்தாவைத் தேட வேண்டியதில்லை.

ஊரில் உதிர்ந்தது

தாயகத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெரியாரே 'நாயக்கர்' என்பதை விட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுக் குடும்பக் கடிதங்களைப் பார்த்தால், முகவரியிலிருந்து பட்டம் மெல்ல உதிர்ந்து தகப்பன் பெயரின் இனிஷியல் மட்டும் நிற்பது தெரியும். கடல் கடந்து போன அதே பட்டம் அங்கே சட்டப்படியான குடும்பப் பெயராக இறுகிவிட்டது. அண்ணன் தம்பி வழிவந்த இரண்டு கிளைகள் இன்று ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளாததற்கு இதுவே பெரிய காரணம்.

நகரத்தார் வழக்கம் தனி. அவர்களுக்குக் குடும்ப அடையாளம் 'விலாசம்': முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொழில் பெயர். ஏ.வி.எம்., ஏ.எம்.எம். எல்லாம் இந்த வழி வந்தவை. தலைமுறை கூடும்போதோ பாகம் பிரியும்போதோ விலாசத்தில் எழுத்து கூடும், மாறும். அவர்கள் கடிதங்களிலும் உண்டியல்களிலும் பெயரைவிட விலாசத்தைத் தொடர்ந்தால்தான் குடும்பம் பிரிந்த காலம் பிடிபடும். செட்டியார் என்ற பட்டமோ நாட்டுக்கு நாடு மாறும். பர்மா வங்கி விசாரணைக் குழுவின் 1929–30 அறிக்கை அதை 'ஒய்' போட்டு எழுதியது. இங்கே 'ஐ' நின்றது. மலாயாவிலும் நேட்டாலிலும் அது செட்டி என்று குறுகியது.

தூத்துக்குடிக் கடற்கரையில் 1530களில் போர்த்துக்கீசியப் பெயர்கள் வந்தன. மோட்டா அங்கே மோத்தா ஆனது, கொரெய்யா கொரேரா ஆனது. நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் தமிழில் குரூஸ் பர்னாந்து, ஆங்கிலத்தில் பெர்னாண்டஸ். இரண்டும் அவருடைய பெயர்தான்.

கட்டை அவிழ்த்துப் படிக்கும் முறை

தமிழ்க் கடிதங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உள்ளே கையொப்பம் தமிழில் இருக்கும். கந்தசாமி என்றைக்கும் கந்தசாமிதான். தமிழ் எழுத்து வல்லோசை மெல்லோசை வேறுபாட்டைக் காட்டாததால் ஆங்கிலத்தில் அவர் 'கே'யில் தொடங்கினாரா 'ஜி'யில் தொடங்கினாரா என்பது உள்ளே தெரியாது. மாற்றம் முழுவதும் வெளியே, உறை மேல் இருக்கும் ஆங்கில முகவரியில் நடக்கிறது. அதிலும் பெறுநர் பெயர் அனுப்பியவரின் கை. 'அனுப்புநர்' என்ற இடத்தில் இருப்பதுதான் உரியவரின் சொந்த ஸ்பெல்லிங்.

உறை இன்னொன்றுக்கும் வேண்டும். பழைய கடிதங்களில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். ரௌத்திரி வருஷம் கார்த்திகை என்றால் அது 1860ஆ, 1920ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தபால் முத்திரையும் ஸ்டாம்பில் இருக்கும் ராஜா ராணி தலையும்தான் தீர்த்துவைக்கும். உறை போய்விட்டால் எழுத்து வடிவம் ஓரளவு உதவும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்திய தலைமுறையின் கையில் 'லை', 'னை' எழுத்துகள் பழைய கொம்போடு வரும்.

கையொப்பம் எப்போதும் பின்தங்கி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் 'உ' ஒலிக்கு டச்சு முறைப்படி 'ஓ', 'ஈ' இரண்டும் சேர்த்து எழுதுவது 1947இல் கைவிடப்பட்டது. அதிபர் சுகர்ணோவின் பெயர் அச்சில் 'யூ' ஆனது. அவர் கையொப்பம் மட்டும் பழைய எழுத்திலேயே தொடர்ந்தது. ஆக, 1950இல் ஒருவர் பழைய முறையில் கையொப்பம் போட்டார் என்பதால் அதுவரை பெயர் மாறவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கணினித் தேடலும் முழுத் துணை அல்ல. 'சவுண்டெக்ஸ்' முறைக்கு 1918இல் காப்புரிமை தரப்பட்டது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, மற்ற மெய்யெழுத்துகளை மூன்று எண்களாக்கும் முறை அது. ஹாதார்னுக்கு 'டபிள்யூ' இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்-365தான். நாயுடு எப்படி எழுதினாலும் என்-300. ஆனால் கவுண்டர் ஜி-536, கவெண்டர் ஜி-153. தமிழ்க் குடும்பத்துக்குத் தேவையான இடத்தில் முறை கைவிடுகிறது. ஊர் பெயரையும் தகப்பன் பெயரையும் கப்பல் எண்ணையும் சேர்த்துத் தேடுவதே நம்பகமான வழி.

இது வெறும் பழம்பெருமை ஆராய்ச்சி அல்ல. 2005இல் தொடங்கிய வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைத் திட்டத்தில் விண்ணப்பிப்பவர், இந்தியாவிலிருந்து போன முன்னோரோடு தனக்குள்ள தொடர்பை ஆவணத்தால் காட்ட வேண்டும். கப்பல் பட்டியலில் ஒரு ஸ்பெல்லிங், தாத்தாவின் திருமணச் சான்றில் இன்னொன்று, தன் பாஸ்போர்ட்டில் மூன்றாவது என்று இருந்தால், மூவரும் ஒரு வழி என்று நிறுவும் பொறுப்பு அவருடையது. அந்தப் பெயர் எப்போது, யார் கையில், எப்படி மாறியது என்று இடைவெளி இல்லாமல் காட்டக்கூடியது, உறையோடு பாதுகாத்த கடித வரிசைதான். கடிதங்களை ஸ்கேன் செய்து வைக்கும் குடும்பங்கள் உறையின் இரு பக்கத்தையும், மணியார்டர் கூப்பனையும் சேர்த்தே படமெடுக்க வேண்டும். பட்டியலில் பெயரை இன்றைய ஸ்பெல்லிங்குக்கு மாற்றாமல், தாளில் உள்ளபடியே, எழுதியவர் யார் என்ற குறிப்போடு பதிய வேண்டும்.